எந்த மொழியில் செபிப்பேன்?

நம் கழகத்தின் பொங்கல் விழா ஏற்பாட்டுக் குழுவில் என் பெயரைப் பார்த்த தோழி ஒருத்தி, “நீ கிறிஸ்டியன்தானே, உனக்கு எதுக்குப் பொங்கல்?” என்று கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் தேவாலயத்தில் ஆண்டுதோறும் பொங்கல் திருப்பலி உண்டு, வாசலில் பால் பொங்கிய பிறகுதான் ஃபாதர் உள்ளே போவார் என்றேன். நம்பவில்லை. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்திய தனிநாயகம் அடிகளாரே ஒரு கத்தோலிக்கக் குரு, அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைத் தலைவர் என்றேன். அதை உடனே நம்பினாள். தேர்வுக்குப் படித்திருந்தாளாம்.

தமிழச்சியாகவும் கிறிஸ்தவளாகவும் இருப்பதில் எனக்கு ஒருபோதும் சிக்கல் இருந்ததில்லை. என்னுடைய சிக்கல் தேவாலயத்துக்கு உள்ளே இருக்கிறது.

எங்கள் பங்கில் ஆங்கிலம், மாண்டரின், தமிழ், மலாய் என நான்கு மொழிகளில் திருப்பலி நடக்கிறது. தமிழ்த் திருப்பலி காலை ஏழு மணிக்கு. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். என் வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்பது மணி ஆங்கிலத் திருப்பலிக்கு வருவார்கள்; கார் நிறுத்துமிடத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் சந்தித்துக் கைமாறிக்கொள்வதைப் பார்க்கலாம். எங்கள் பங்குத் தந்தை சீனர். ரூமி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழ்த் திருப்பலி நிறைவேற்றுவார். ‘ழ’ வராது. ஆனால் ஒரு வரியையும் விடமாட்டார்.

நான் படிவம் ஒன்றிலிருந்தே தமிழில் வாசகம் வாசிக்கிறேன். பக்தி அதிகம் என்பதால் அல்ல. தமிழ்ப்பள்ளியில் படித்தவள், எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள் என்பதால் என்னைப் பிடித்தார்கள். இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகுதான். சில வாரம் நடக்கும், சில வாரம் நடக்காது. ஆகவே எஸ்.பி.எம். தேர்வில் என் தமிழைக் காப்பாற்றியவர் புனித பவுல் என்று சொன்னால் மிகையில்லை. அவருடைய கடிதங்களில் ஒரு வாக்கியம் ஆறு வரிக்கு ஓடும். வினைமுற்று எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதல்நாள் இரவே தேடிக் கண்டுபிடித்தால்தான் எங்கே மூச்சுவிடலாம் என்பது தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் இங்குள்ள கத்தோலிக்க மாணவர்களோடு ஆங்கிலத்தில்தான் செபிக்கிறேன். கித்தார் வாசித்துப் பாடுவோம். மனத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. என்றாலும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் செபிக்கும்போது, இலக்கணம் சரியா என்று என் மனத்தின் ஒரு மூலை பார்த்துக்கொண்டே இருக்கும். அது கடவுளோடு பேசுவதா, நேர்முகத் தேர்வா?

சென்ற ஆண்டு, தமிழ்த் திருப்பலியை மாதம் இருமுறையாகக் குறைக்கலாமா என்ற பேச்சு பங்குப் பேரவையில் எழுந்தது. மொழி அழிந்துவிடும் என்று பெரியவர் ஒருவர் எழுந்து நின்று கண்கலங்கப் பேசினார். என் வயது இளைஞன் ஒருவன், “அங்கிள், நாம கோவிலுக்கு ஆண்டவரைத் தேடி வர்றோம், தமிழ் படிக்க வரல” என்றான். அவன் அதைத் தமிழிலேயே சொன்னதுதான் வேடிக்கை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. முழுமையான பதில் இன்றும் இல்லை.

என் பாட்டியையே எடுத்துக்கொள்கிறேன். 1944இல் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய சிறுவயதில் திருப்பலி இலத்தீனில் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான், அதாவது 1960களின் நடுவிலிருந்து, அந்தந்த மக்களின் மொழி பீடத்துக்கு வந்தது. அதுவரை ஒரு சொல்லும் புரியாமல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாராம் பாட்டி. அவருடைய விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அவருடைய தமிழும்கூட நம் தமிழ் அல்ல. நாங்கள் ‘அருள்’ என்னும் இடத்தில் ‘பிரியதத்தம்’ என்பார். கடவுள் அவருக்குச் ‘சர்வேசுரன்’. நான் தூய ஆவி என்றும் அம்மா பரிசுத்த ஆவி என்றும் சொல்பவரை அவர் ‘இஸ்பிரீத்துசாந்து’ என்றே கடைசிவரை அழைத்தார். அது போர்த்துகீசியச் சொல் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்குள் இத்தனை மாற்றம் என்றால், அடுத்த தலைமுறை ஆங்கிலத்துக்குப் போவதை மட்டும் தவறென்று சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். 2023இல் மருத்துவமனையிலிருந்து பாட்டியை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தோம். பேரப்பிள்ளைகள் பதினொரு பேர் கட்டிலைச் சுற்றி நின்றோம். பாட்டி செபமாலை தொடங்கினார். செபமாலையில் ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். பாட்டி முன்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். பதில் சொன்னவர்கள் அம்மா, சித்தி, நான், மூவர்தாம். மற்ற பத்துப் பேருக்கும் அந்தச் செபம் தெரியும், ஆங்கிலத்தில் தெரியும். மூன்றாவது மணியில் சித்தியின் மகள் மெல்ல ஆங்கிலத்தில் சேர்ந்துகொண்டாள். பிறகு எல்லாரும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவர்கள் முடிக்கும் இடம் சத்தத்திலேயே தெரிந்ததோ என்னவோ, சரியாகக் காத்திருந்து அடுத்த மணியைத் தொடங்கினார். ஐம்பத்து மூன்று மணிகளும் பாதி தமிழ், பாதி ஆங்கிலமாக நடந்து முடிந்தன.

மூன்றாம் நாள் பாட்டி காலமானார்.

அந்தச் செபமாலையை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவருக்கு மொழி ஒரு தடையல்ல. தடை எங்களுக்குத்தான் இருந்தது. பாட்டி வேறென்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று அடக்கம் முடிந்த அன்று சித்தி மகள் என்னைக் கேட்டாள். மணிகளுக்கு நடுவில் அவர் எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, இன்னின்னாருக்கு இன்னது வேண்டும் என்று மன்றாடியிருந்தார். அவளுக்கு அவளுடைய பெயர் மட்டும் கேட்டிருக்கிறது.

பேரவையில் அந்த இளைஞனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அழுதுவிடுவேன் என்பதால் சொல்லவில்லை. தமிழ்த் திருப்பலி இப்போது மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் மட்டும்.

போன விடுமுறையில் சித்தி மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். “அக்கா, பாட்டியோட ப்ரேயரை ரூமில எழுதிக் கொடுங்க, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்,” என்றாள். தமிழ் எழுத்தையே கற்றுத் தரட்டுமா என்று கேட்டேன். முதலில் இதை எழுதிக் கொடுங்கள், அதைப் பிறகு பார்க்கலாம் என்றாள். இப்போது தேவாலயத்தில் சொல்லும் வடிவத்தை எழுதுவதா, பாட்டி சொன்னதை எழுதுவதா என்று சிறிது நேரம் யோசித்தேன். பாட்டி சொன்னதையே எழுதினேன். ‘பிரியதத்தம்’ என்பதை அவள் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.