பாலையில் பதினெட்டுக் குழிகள்

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வரும் நம் பிள்ளைகளிடம் நாம் கேட்கும் வினாக்கள் மூன்றே மூன்றுதாம். எப்பொழுது வந்தாய்? எத்தனை நாள் விடுப்பு? எப்பொழுது திரும்புகிறாய்? இம்மூன்றிற்கும் விடை கிடைத்துவிட்டால் பேச்சு சம்பளத்திற்குத் தாவும். அதன்பின் கல்யாணத்திற்குத் தாவும். அங்கே அவன் என்ன தொழில் செய்கிறான், அத்தொழிலில் அவன் கண்டது என்ன, கற்றது என்ன என்று எவரும் கேட்பதில்லை. பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் கடல் கடக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருந்தும் நம் பிள்ளைகளின் உழைப்பைப் பற்றி நாம் அறிந்தது மிகச் சொற்பம்.

என் தமக்கையின் மகன் ஒன்பது ஆண்டுகளாகத் துபாயில் பணி செய்கிறான். "தோட்ட வேலை" என்றே வீட்டில் சொல்லி வந்தோம். சென்ற விடுமுறையில் ஒரு நெருக்கடி காரணமாக அவனோடு நெடுநேரம் அமர்ந்து பேச நேர்ந்தது. நெருக்கடியைப் பின்னர் சொல்கிறேன். "தோட்டம் இல்லை மாமா, கோல்ஃப் மைதானம்" என்று அப்பொழுதுதான் அவன் விளக்கினான். நான் விளக்கம் கேட்கக் கேட்க, அவன் முற்றத்து மண்ணில் ஒரு குச்சியால் குழி குழியாக வரைந்து காட்டத் தொடங்கினான்.

வாசக அன்பர்களே! கோல்ஃப் என்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்பதற்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாதிருந்தது. நம் நாட்டிற்கு இது புதிதன்று. கல்கத்தாவில் 1829-லேயே இதற்கென ஒரு கழகம் தோன்றிவிட்டது. பிரிட்டனுக்கு வெளியே உலகிலேயே முதலாவது அதுதான். அந்தக் கழகத்தில் புல் பராமரித்த ஒருவரின் மகனான சௌராசியா பிற்காலத்தில் 2016, 2017 ஆகிய ஈராண்டுகளிலும் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். இதைக் கேட்டபொழுது என் தமக்கையின் முகத்தில் ஓர் ஒளி தோன்றியதைக் கண்டேன்.

பாலை நிலத்தில் இந்த ஆட்டம் முதலில் மணலிலேயே நடந்திருக்கிறது. எண்ணெய்க் கம்பெனிகளின் குடியிருப்புகளில், மணலோடு எண்ணெயைக் கலந்து உருளையால் சமன் செய்து, அதன் நடுவே குழி அமைப்பார்களாம். பச்சை நிறமில்லாத அத்திடலுக்குப் 'பிரவுன்' என்றே பெயர். ஆடுபவர் செயற்கைப் புல்விரிப்புத் துண்டொன்றைக் கையிலேயே சுமந்து செல்வார். பந்து கிடக்கும் இடத்தில் அதை விரித்து, பந்தை அதன்மேல் வைத்து அடிப்பார். முஸல்லாவைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு பயணம் செய்யும் நம் பெரியவர்கள் எனக்கு நினைவுக்கு வந்தனர்.

1988-இல் துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் திறக்கப்பட்டது. கார்ல் லிட்டன் என்பவர் வடிவமைத்த அதன் 'மஜ்லிஸ்' மைதானமே மத்தியக் கிழக்கில் முழுவதும் புல்லால் அமைந்த முதல் பந்தய மைதானம். அடுத்த ஆண்டே துபாய் டெசர்ட் கிளாசிக் போட்டி அங்கே தொடங்கிற்று. மைதானத்தின் நடுவே அரபு முறையில் கட்டப்பட்ட மஜ்லிஸ் மண்டபம் ஒன்று இருப்பதால் இப்பெயர் வந்தது. அரபு கற்பிப்பவன் என்னும் முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 'ஜலஸ' என்றால் உட்கார்ந்தான். உட்காரும் இடம் மஜ்லிஸ். தொழுகையில் இரு சஜ்தாக்களுக்கிடையே அமர்வதும் ஜல்ஸாதான். நம் ஊர்த் தெருக்களில் இளைஞர்கள் 'ஜல்சா' என்று கூத்துக்குப் பெயர் வைத்திருப்பது அச்சொல்லின் தலைவிதி.

இனி அந்த மைதானத்துப் புல்லைப் பற்றி. அங்கே கோடையில் தாக்குப் பிடிப்பது பெர்முடா எனப்படும் புல்வகை. அது வேறொன்றுமன்று, நம் வயல் வரப்புகளில் களையென்று பிடுங்கி எறியும் அருகம்புல்லின் இனந்தான்! இதைக் கேட்டதும் என் மச்சான், அதாவது பையனின் தகப்பனார், "அருகம்புல்லுக்கா சம்பளம் கொடுக்கிறான்?" என்று வாய்விட்டுக் கேட்டார். மருமகன் சிரித்தான். திடல்களில் அதை மில்லிமீட்டர்க் கணக்கில் வெட்டுவார்களாம். புல் எப்பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறதோ அப்பக்கமாகப் பந்தின் ஓட்டம் சற்றே இழுபடும். ஆட்டக்காரர் குனிந்து, நிமிர்ந்து, மண்டியிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். "அவர்கள் ஐந்து நிமிடம் பார்த்துக் கண்டுபிடிப்பதை, தினமும் வெட்டுகிற எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடியும் மாமா" என்றான். ஃபஜ்ருக்கு முன்பே விளக்கு வெளிச்சத்தில் வேலை தொடங்கிவிடும். எட்டாம் குழியின் ஓரத்தில் ஃபஜ்ரு தொழுதுவிட்டு மீண்டும் இயந்திரத்தில் ஏறுவானாம்.

பதினெட்டுக் குழிகளையும் அவன் வரைந்தான். நான்கு குழிகளை மூன்று அடிகளிலும், பத்துக் குழிகளை நான்கு அடிகளிலும், மீதி நான்கு குழிகளை ஐந்து அடிகளிலும் முடித்தால் மொத்தம் எழுபத்திரண்டு. அதுவே நியமம். எல்லாவற்றையும் இங்கே விரித்தால் நீங்கள் அலுப்படைவீர்கள். எனக்கு மனத்தில் பதிந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஏழாவது குறுங்குழி. அடிக்கும் இடத்திற்கும் திடலுக்கும் இடையே நீர்நிலை. ஒரே அடியில் தாண்டியாக வேண்டும். இதில் தந்திரத்திற்கு இடம் குறைவு. எட்டாவதுதான் கண்ணைப் பறிப்பது. பாதை வலப்புறமாக வளைந்து மேடேறுகிறது. எதிரே வானளாவிய கட்டடங்கள். வலப்பக்கம் புல் இல்லை. பழைய பாலையையே, மணலும் புதருமாக, அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். வளைவை ஒட்டி வலப்புறம் அடித்தால் தூரம் குறையும். கொஞ்சம் பிசகினால் பந்து மணலில் கிடக்கும். இடப்புறம் அடித்தால் பயமில்லை. ஆனால் அடுத்த அடி மிக நீளும். எத்தனையோ பேர் காலைக் களைப்பில்லாத தைரியத்தில் வலப்புறம் அடித்துவிட்டுப் புதருக்குள் பந்தைத் தேடுவதை அவன் கண்டிருக்கிறான். ஒன்பதாவதில் திடலின் இடப்பக்கம் ஏரி. அங்கே கொடி இடப்புறம் நடப்பட்டிருந்தால் கொடியைப் பார்க்கவே கூடாது, திடலின் வலப்பாதியைப் பார்த்து அடிக்க வேண்டும் என்பது அவன் கருத்து. பதினேழாவது ஏறத்தாழ 360 கெஜந்தான். பலசாலிகள் வளைவைக் குறுக்கே வெட்டி ஒரே அடியில் திடலை எட்டப் பார்ப்பார்கள். மற்றவர்க்கு இரும்பு மட்டையால் நடுவில் ஒன்று, சிறு மட்டையால் மேலே ஒன்று.

பதினெட்டாவதுதான் கதை. ஐந்தடிக் குழி, 560 கெஜத்திற்குச் சற்று முன்பின். இடப்புறம் வளைந்து செல்லும் பாதை. திடலின் முன்னே தண்ணீர். முதல் அடி நன்றாக விழுந்தவருக்கு இரண்டாவது அடியில் ஒரு கேள்வி எழும்: தாண்டுவதா, தண்ணீருக்கு முன்னரே பந்தை நிறுத்தி மூன்றாவது அடியில் நிதானமாக ஏற்றுவதா?

1996-இல் கொலின் மான்ட்கோமரி புல்தரையிலிருந்தே பெரிய மட்டையை வீசித் தண்ணீரைத் தாண்டித் திடலை அடைந்தார், பட்டமும் வென்றார். 2001-இல் டைகர் உட்ஸ், தாமஸ் பியோர்ன் என்பவரோடு சமநிலையில் இக்குழிக்கு வந்தார். முதல் அடி வலப்புறம் பேரீச்ச மரங்களுக்கிடையே போயிற்று. மூன்றாவது அடி தண்ணீரில் விழுந்தது. ஐந்தில் முடிக்க வேண்டியதை ஏழில் முடித்தார். பட்டம் பியோர்னுக்குப் போனது. 2022-இல் ரோரி மெக்கில்ராய் இங்கே நான்கு அடிகளில் முடித்தால் வெற்றி, ஐந்தில் முடித்தாலும் கூடுதல் ஆட்டத்தில் ஒரு வாய்ப்பு என்னும் நிலையில் நின்றார். இரண்டாவது அடியில் தாண்ட முயன்றார். பந்து தண்ணீரில். ஆறு அடிகள், இரண்டு வாய்ப்புகளும் போயின. அடுத்த ஆண்டு, 2023-இல், அதே மனிதர் அதே குழிக்கு வந்தார். முதல் அடி தண்ணீரின் விளிம்பை ஒட்டி நின்றுவிட்டது. இம்முறை பந்தை முன்னரே நிறுத்தினார். மூன்றாவது அடியில் திடலுக்கு ஏற்றி, நான்காவது அடியில் குழியில் தள்ளி, பாட்ரிக் ரீடை ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார்.

"அப்படியானால் தாண்டுவது தவறா?" என்று வினவினேன்.

"இல்லை மாமா. தாண்டியவரும் ஜெயித்திருக்கிறார். பந்து எப்படிக் கிடக்கிறது, கையில் எத்தனை அடி மிச்சம், தண்ணீரில் விழுந்தால் மீதி என்ன இருக்கும், இந்த மூன்றையும் பார்க்காமல் தாண்டுவதுதான் தவறு."

இங்கேதான் நெருக்கடியைச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் வேலை வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்டு ஆறு இலட்ச ரூபாய் கேட்டிருந்தார். அதற்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதென்று வீட்டில் பேச்சு எழுந்திருந்தது. மூத்தவன் என்று என்னைக் கருத்துக் கேட்க அழைத்திருந்தனர். அந்தப் பத்திரத்திற்கு ஒரு வரலாறு உண்டு. மச்சான் தம் மானாவாரிக் காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போதாதென்று சின்ன வெங்காயம் போட ஆசைப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று போர் போட்டார். மூன்றும் புழுதியைக் கக்கின. நான்காவதற்காகத்தான் பத்திரம் முதன்முதலில் அடகுக்குப் போனது. அதுவும் அரைமணி நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும் கிணறு. அக்கடனை அடைக்கவே பையன் பத்தொன்பது வயதில் விமானம் ஏறினான். ஒன்பதாண்டு புல்வெட்டி மீட்ட பத்திரம் அது.

நான் மார்க்கம் பேசத் தயாராகத்தான் போயிருந்தேன். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையைச் சொல்ல எண்ணியிருந்தேன். அதற்குத் தேவை ஏற்படவில்லை. முற்றத்தில் பதினெட்டாம் குழியின் முன்னே அவன் வரைந்திருந்த தண்ணீரைக் காட்டி, "இதில் பத்திரம் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். அவன் குச்சியைத் தண்ணீரின் நடுவில் வைத்தான். அம்மாவைப் பார்த்தான். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. மச்சான்தான், "நாலாவது போரும் இப்படித்தான்" என்றார். அவர் வாயிலிருந்து அச்சொல் வந்ததை நான் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

ஐரோப்பாவுக்குப் போவதே பிழை என்று நான் சொல்லவில்லை. அந்த ஏஜெண்டிடம் கம்பெனியின் பெயர், வேலை ஒப்பந்தம், பணத்திற்கு இரசீது ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்கச் சொன்னேன். இரண்டு வாரம் காத்திருந்தோம். ஒரு தாள்கூட வரவில்லை. அத்தோடு அப்பேச்சு முடிந்தது.

இவ்விளையாட்டைப் பற்றி என் கருத்தையும் சில வாசகர்கள் எதிர்பார்க்கலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். வில்லும் குதிரையும் ஊக்குவிக்கப்பட்டவை. உடலுக்கும் கண்ணுக்கும் பயிற்சியளிக்கும் ஆட்டம் தன்னளவில் விலக்கப்பட்டதன்று. பந்தயப் பணம் கட்டுவதும், தொழுகை நேரத்தை விழுங்குவதுமே கேடு. என் மனத்தில் உறுத்துவது வேறு. ஆற்று நீரே இல்லாத ஒரு நாட்டில், விளையாடுவதற்கான புல்லுக்கு நாள்தோறும் இலட்சக்கணக்கான லிட்டர் நீர் பாய்கிறது. தொடக்கத்தில் கடல்நீரை நன்னீராக்கிப் பாய்ச்சினார்கள். இக்காலத்தில் வளைகுடாவின் பல மைதானங்களில் சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துகிறார்கள். கழிவுநீர் என்பதால் ஓரளவு மனம் ஆறுகிறது. வெள்ளாற்றங்கரையிலேயே குடியிருந்தும் மணலைத்தான் அதிகம் பார்க்கிறோம் நாம். சாத்தனூர்க் கல்மரமும், காரைப் பகுதியின் அரிப்பு நிலமும், அரியலூர்ச் சுண்ணாம்புக் கற்களில் புதைந்த கடற்சிப்பிகளும், இந்நிலம் ஒருகாலத்தில் கடலடியில் கிடந்தது என்று சாட்சி சொல்கின்றன. கடல் போனவிடத்தில் குடிநீருக்குக் குடம் வரிசையில் நிற்கிறது.

மருமகன் பழைய வேலைக்கே ஈராண்டு ஒப்பந்தத்தில் திரும்பிச் சென்றிருக்கிறான். புறப்படுமுன் ஒரு திட்டம் வைத்தான். பெரம்பலூரைச் சுற்றியுள்ள கல்லூரிகளும், அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளின் குடியிருப்புகளும் புல்தரை வளர்க்கின்றன. முறையாக வெட்டவும் நோய் பார்க்கவும் ஆள் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அத்தொழிலை இங்கேயே தொடங்கலாம் என்பது அவன் எண்ணம். அதற்கு நாற்றங்கால் வேண்டுமென்று, எங்கள் மதரஸாவின் பின்புறத்தில் இரண்டு சென்ட் இடத்தை நிர்வாகத்தாரிடம் வாடகைக்குக் கேட்டு வாங்கி, நல்ல இரகப் புல்லைக் கரணை கரணையாக நட்டுவிட்டுப் போனான். பிள்ளைகள் ஒளூச் செய்யும் தண்ணீர் முன்பு சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்பொழுது சிறு வாய்க்கால் வழியாக அங்கே போகிறது.

ஆயுள் முழுவதும் அருகம்புல்லைப் பிடுங்கி எறிந்தே பழகிய என் மச்சான், அஸருக்குப் பிறகு நாள்தோறும் அங்கே வந்து வாய்க்காலைத் திருப்பிவிட்டு, கோரையை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகிறார். வழியில் போகும் காட்டுக்காரர்கள் நின்று சிரிக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்வதில்லை. புல்வெட்டும் இயந்திரம் திருச்சியில் என்ன விலை என்று மட்டும் போன வாரம் என்னிடம் விசாரித்தார்.