இரவல் மூச்சின் ஏழாம் ஆண்டு

எங்கள் மூத்த காக்காவுக்கு நுரையீரல் மாற்று அறுவை நடந்து ஏழாம் ஆண்டு ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். "அதுதான் குணமாகிவிட்டதே, இன்னும் எதற்கு முகக்கவசம்?" என்று நிக்காஹ் வீடுகளில் கேட்பவர் பலர். அன்பினால் கேட்கிறார்கள். ஆனால் குணம் என்ற சொல் இங்கே பொருந்தாது. ஒரு நோயைக் கொடுத்துவிட்டு, அதைவிடச் சுமக்கத்தக்க வேறொன்றை வாங்கிக்கொள்வதே இந்தச் சிகிச்சை.

நார்த்தழும்பு நோயால் காக்காவின் நுரையீரல்கள் இறுகிப்போயிருந்தன. ஆக்ஸிஜன் உருளையின்றி உளூச் செய்யக்கூட எழ இயலாதிருந்தவருக்கு, மூளைச்சாவடைந்த ஒருவரின் நுரையீரல்கள் சென்னையில் கிடைத்தன. அக்குடும்பம் யார், என்ன மதம் என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவர்களுக்காகக் காக்கா கையேந்துகிறார். உறுப்பு மாற்று கூடுமா என்று ஐயுற்ற உறவினர்களுக்கு, 1988இல் ஜித்தாவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளுடன் அனுமதித்ததை எங்கள் ஆலிம் எடுத்துச் சொன்னார்.

1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி முதன்முதலாக மனிதருக்கு நுரையீரல் பொருத்தியபோது, நோயாளி 18 நாள்களே வாழ்ந்தார். 1983இல் டொராண்டோவில் ஜோயல் கூப்பரின் நோயாளி ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பன்னாட்டுப் பதிவேட்டின்படி, 2010 முதல் 2017 வரை இவ்வறுவை பெற்ற வயதுவந்தோரில் பாதிப் பேர் ஏறத்தாழ 6.7 ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்துள்ளனர். முதலாண்டைத் தாண்டியவர்களுக்குக் கணக்கு இன்னும் நீள்கிறது. சிறுநீரகமோ கல்லீரலோ பெற்றவர்களோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். அந்த உறுப்புகள் உடலுக்குள் ஒளிந்திருக்கின்றன. நுரையீரலோ தெருக்காற்றை நாள்தோறும் உள்ளே அழைக்கிறது. அறுவையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால், சளியை வெளித்தள்ளும் இருமல் உணர்வும் மங்கிவிடுகிறது.

அந்த எண்ணை முதலில் படித்தவர் காக்காதான். "தம்பி, இது என் தவணையன்று. பாதிப் பேர் இதைத் தாண்டியிருக்கிறார்கள் என்றுதானே எழுதியிருக்கிறது?" என்றார். அஜலை அல்லாஹ் எழுதியிருக்க, மாத்திரையின் நேரத்தை மட்டும் தம்மிடம் ஒப்படைத்திருப்பதாக அவர் எண்ணம்.

அந்த நேரந்தான் ரமளானில் எங்கள் வீட்டைச் சோதித்தது. உடலின் எதிர்ப்புச் சக்தி புதிய நுரையீரலை அந்நியனாகக் கண்டு தாக்காதிருக்க, டாக்ரோலிமஸ் மாத்திரையைக் காக்கா 12 மணிக்கொரு முறை உட்கொள்கிறார். இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் நிராகரிப்பு. மிகுந்தால் சிறுநீரகப் பாதிப்பு. பம்பளிமாஸ் பழம்கூட அந்த அளவை உயர்த்திவிடும். ஸஹரிலிருந்து இஃப்தார் வரை நம் ஊரில் 13 மணி நேரத்துக்கும் மேல். அதோடு தாகமும் சேர்ந்தால், ஏற்கெனவே மருந்தால் நொந்த சிறுநீரகம் தாங்காது என்றார் மருத்துவர்.

முதல் ரமளானில் காக்கா அழுதார். ஏழு வயதிலிருந்து விடாது நோன்பு வைத்தவர். "ஊரே நோன்பிருக்க நான் மட்டும் தண்ணீர் குடிப்பதா?" என்றார். உம்மாவும் சேர்ந்து அழுதார்கள். ஆலிம் வீட்டுக்கே வந்து அமர்ந்து பேசினார். நிரந்தர நோயாளிக்கு ஃபித்யாவை மார்க்கமே வைத்திருக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை மறுப்பது பேணுதலாகாது என்றார். அந்த வாரமே காக்கா அரிசி அளந்து ஏழை வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார். இன்றும் பகலில் மறைவாகவே தண்ணீர் குடிக்கிறார். அந்தக் கூச்சத்தை ஊரார் போக்க வேண்டுமென்பது என் கருத்து; "நோன்பில்லையா?" என்ற கேள்வியை நோயாளியிடம் கேட்காதிருந்தாலே போதும்.

இழப்புகள் வேறும் உண்டு. வாப்பா வஃபாத்தான அன்று நாங்கள் மூன்று பிடி மண் போட்டோம். மண்ணிலுள்ள பூஞ்சை அவர் நுரையீரலில் குடியேறக்கூடும் என்பதால், மூத்த மகனான காக்கா முகக்கவசத்தோடு கபரை விட்டு எட்டி நின்றார். தராவீஹ் வீட்டிலேயே, ஜும்ஆவுக்கு வெளித்தாழ்வாரத்தின் ஓரம். ஸ்டீராய்டு மாத்திரையால் சர்க்கரை நோயும் வந்துவிட்டது. மறுபுறம், உருளையின்றி ஸஜ்தா செய்கிறார். மகளின் நிக்காஹைத் தாமே முன்னின்று நடத்தினார். பேரனைத் தோளில் சுமந்து கடற்கரைக்குப் போகிறார். இந்த ஆண்டுகளை மிச்சம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஃபஜ்ருக்குப் பின் அவர் கையடக்க ஸ்பைரோமீட்டரில் ஊதி, முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவை நோட்டுப்புத்தகத்தில் குறிக்கிறார். மிக நல்ல நாள்களில் அது 2.6 லிட்டர். சென்ற இரு மாதங்களாக 2.3. இருபது விழுக்காடு சரிந்து, வேறு காரணமின்றி அப்படியே நிலைத்துவிட்டால், அதற்கு நாட்பட்ட நிராகரிப்பு என்று பெயர். மாற்று நுரையீரல் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் அது வருகிறது. சுருங்கிய சிறு காற்றுக்குழல்களை மீண்டும் விரிக்க வழியில்லை, வேகத்தைத் தணிக்கவே முயல்வார்கள். காக்கா இன்னும் அந்த எல்லையைத் தொடவில்லை. வாரம் மூன்று நாள் அஸித்ரோமைசின் சேர்த்திருக்கிறார்கள். ஷவ்வாலில் சென்னைக்குப் போய் மறுபடி சோதிக்க வேண்டும். துஆச் செய்யுங்கள்.