நிலத்தில் மறைந்த புதையல்

சிங்கப்பூர் நகரின் நடுவே ஏறக்குறைய 48 மீட்டர் உயரமுள்ள சிறு குன்று ஒன்று பசுமை போர்த்து நிற்கின்றது. ஃபோர்ட் கேனிங் பூங்கா என்பது அதன் இன்றைய பெயர். மலாய் மக்கள் முற்காலத்தில் இதனை ‘புக்கிட் லாரங்கான்’, அதாவது ‘தடுக்கப்பட்ட குன்று’ என்றழைத்தனர். பண்டை அரசர்கள் வாழ்ந்த இடமென்று நம்பி, ஏறிச்செல்லவும் அஞ்சினர். அக்குன்றில் நாங்கள் ஒரு முற்பகல் முழுவதும் புதையல் தேடினோம்.

புதையல் என்றதும் வாசகர்கள் வியப்படைய வேண்டாம். ‘ஜியோகேச்சிங்’ எனும் விளையாட்டு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. செயற்கைக்கோள்கள் காட்டும் இடக்குறிப்பு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களுக்குத் துல்லியமாகக் கிடைக்கவில்லை. அமெரிக்க அரசு அத்தடையை நீக்கியவுடன், மே 3ஆம் நாள் டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் ஒரு வாளியில் சில பொருள்களை வைத்து, அவ்விடத்தின் அகலக்கோட்டு, நெடுங்கோட்டு எண்களை மட்டும் அறிவித்தார். பிறர் தேடிச்சென்று கண்டனர். இன்று இத்தகைய மறைவிடங்கள் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டவை. கண்டெடுப்பவர் அங்குள்ள ஏட்டில் பெயர் எழுதுவார். ஒரு பொருளை எடுத்தால் இன்னொன்றை வைப்பார். பின்னர் அடுத்தவருக்காக மீண்டும் அதே இடத்தில் மறைத்துவிடுவார். மண்ணைத் தோண்டலாகாது, நிலத்துக்குரியோரின் இசைவும் வேண்டும். பெட்டியே இல்லாமல், கல்வெட்டைப் படித்து விடை காணும் வகையும் உண்டு.

எங்கள் உறவினரின் மகள், பள்ளி மாணவி, அந்த வகையில்தான் எங்களுக்கு ஒரு தேடலை அமைத்திருந்தாள். வட அகலக்கோடு 1 பாகை 17 கலை, கிழக்கு நெடுங்கோடு 103 பாகை 50 கலை எனத் தொடங்கிய குறிப்பைக் கைப்பேசியில் பார்த்தபடி ஏறினோம். முதல் குறி ஒரு கோத்திக் வாயில். “மாமா, கதவுக்கு மேலே பாருங்கள், மூன்று எழுத்துகள்!” என்றாள். ஐ. எச். எஸ். என்னும் எழுத்துகள்! நம் ஆலயப் பீடங்களில் காணும் இயேசுவின் திருப்பெயர்ச் சுருக்கம். 1846இல் எழுப்பப்பெற்ற அவ்வாயில், கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்திற்குரியது.

1822 முதல் 1865 வரை இங்கே 600க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் சீனக் கிறிஸ்தவர்கள். 1970களில் கல்லறைகள் அகற்றப்பட்டன. எஞ்சிய நடுகற்கள் சுற்றுச்சுவர்களில் பதிக்கப்பட்டன. இப்போது அது அழகிய புல்வெளி. இசை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. காலையில் ஓடிப் பழகுவோர் சுவரோரமாகவே கடந்து செல்கின்றனர். அங்கே நின்று படிப்போரை நாங்கள் காணவில்லை. மழையும் வெயிலும் எழுத்துகளை மெல்ல மெல்ல அழித்து வருகின்றன.

அடுத்த விடைக்காக நாங்கள் ஒவ்வொரு கல்லாகப் படிக்க நேர்ந்தது. நகரின் பழைய கட்டடங்கள் பலவற்றை அமைத்த அயர்லாந்துக்காரர் ஜார்ஜ் கோல்மன் 1844இல் இறந்தார். அவர் கல்லும் சுவரில் உள்ளது. அவருடைய மனைவி பின்னர் வில்லியம் நேப்பியர் என்னும் வழக்கறிஞரை மணந்தார். அவர்களுடைய கைக்குழந்தை ஜேம்ஸ் 1848இல் கடற்பயணத்தின்போது மாண்டது. அக்குழந்தையின் நினைவுச்சின்னம் புல்வெளியில் தனித்து நிற்கின்றது. கணவரை இழந்து, நான்கே ஆண்டுகளில் பிள்ளையையும் இழந்த அந்தத் தாயை எண்ணியபோது, சற்றுமுன் வரை ஓடியாடிய சிறுமியும் அமைதியானாள். தானாகவே சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள்.

குன்றில் மெய்யான பொன்னும் கிடைத்ததுண்டு. 1928இல் நீர்த்தேக்கம் அமைக்கத் தோண்டியபோது, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொன் அணிகலன்கள் வெளிப்பட்டன. குன்றின் அடியிலுள்ள நிலவறையிலோ, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரித்தானியத் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைய முடிவு செய்தார். அரசர்களின் பொன்னும் பேரரசின் பெருமையும் ஒரே மண்ணில் அடங்கின.

கடைசி எண்கள் எங்களைக் குன்றிலிருந்து இறக்கி, நடந்து செல்லும் தொலைவிலுள்ள நல்லாயன் பேராலயத்தின் வாயிலில் நிறுத்தின. 1847இல் திறக்கப்பட்ட ஆலயம் அது. 1821இல் சிங்கப்பூர் வந்த குருவான புனித லாரன்ஸ் இம்பேர், பிற்காலத்தில் கொரியாவில் ஆயராயிருந்தார். கிறிஸ்தவர்கள் வேட்டையாடப்பட்டபோது, தம் மந்தையைக் காக்கவேண்டித் தம்மையே ஒப்புவித்து, 1839இல் மறைசாட்சியானார். நல்லாயனின் கடமையை உடன் குருக்களுக்கு நினைவூட்டி அவர் எழுதிய மடலே ஆலயத்தின் பெயருக்குக் காரணம். 1984இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நிலத்தில் புதையலைக் கண்டு, அதனை மீண்டும் மறைத்துவைத்த மனிதனின் உவமையை மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் அறிவோம். அவன் தனக்குள்ள யாவற்றையும் விற்று அந்நிலத்தை வாங்கினான். நாங்கள் தேடிய குன்றில் எதையும் எடுத்துவரவில்லை, வாங்கவும் இயலாது. எனினும், எவரும் உச்சரியாத சில பெயர்களை உரக்கப் படித்தோம். அவர்களுக்காக ஒரு மங்கள வார்த்தை செபம் சொன்னோம்.

அன்புக் குடும்பங்களே, இதற்குக் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்களிலும் பாசி படிந்த கற்கள் பல உள்ளன. கல்லறைத் திருநாளன்று நம் முன்னோரின் கல்லுக்கு மாலையிட்டுத் திரும்பிவிடுகின்றோம். அடுத்த முறை பிள்ளைகளின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுப்போம். இந்தப் பங்கில் மறைந்த முதல் குருவானவர் யார், மிகப் பழைய கல்லின் ஆண்டு எது, எவருமே வந்து பார்க்காத கல் எது எனத் தேடச் சொல்வோம். கண்டுபிடித்த பெயரை அன்றைய குடும்பச் செபத்தில் சேர்த்துக்கொள்வோம்.