காது சுடுது என்று அவன் சொன்னான்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆங்கில அறை, கணினி அறை, ஸ்மார்ட் வகுப்பு என்று ஏதாவது பொறுப்பாக வைத்திருக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். பெற்றாரும் வாசிக்கலாம்.

எங்கள் பாடசாலையில் ஆங்கிலம் கேட்டு விளங்குவதில் பின்தங்கிய எட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு வகுப்பு வைக்கிறோம். நாங்கள் மூன்று பேர்: இரண்டு ஆங்கில ஆசிரியர்கள், ஒரு விஞ்ஞான டீச்சர். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் காசு சேர்த்து எட்டு ஹெட்போன் வாங்கித் தந்தார்கள். ஒன்று 4,500 ரூபாய். எங்கள் பிள்ளைகளின் காதுக்கு அவ்வளவு நல்ல சாமான் அதற்கு முதல் வந்ததில்லை.

ஒரு லெப்டொப்பில் எட்டு ஹெட்போன் குத்த முடியாதே. அதற்கு ஒரு அம்ப்ளிபையர் பெட்டி வேண்டும். கையில் மிஞ்சியிருந்த காசு கொஞ்சம்தான். கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி, புறக்கோட்டையில் இருந்ததிலேயே விலை குறைந்த பெட்டியை எடுப்பித்தோம். எட்டுத் துவாரம், எட்டு வொலியூம். முதல் மூன்று கிழமை ஒரு குறையும் இல்லை. "ஹெட்போன்தானே முக்கியம், பெட்டி எதுவாக இருந்தால் என்ன" என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

பிள்ளைகளுக்கு இடம் நிரந்தரம். ஆறாம் இலக்கத்தில் தரம் 9 படிக்கும் ஒரு பையன். வாப்பா ஓட்டோ ஓட்டுபவர். கொஞ்சம் துருதுருப்பான பிள்ளை, கை சும்மா இருக்காது. ஒருநாள் அவனுடைய ஹெட்போனில் வலது பக்கம் நின்றுவிட்டது. வேறொன்று கொடுத்தோம். அடுத்த கிழமை அதுவும் வலது பக்கம் நின்றது. மூன்றாவதும் போனபோது எங்களுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏழு பிள்ளைகளிட்ட இருக்கிற சாமான் நல்லா இருக்கு. உன்ட கையில மட்டும் எப்பிடி மகன் உடையுது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நான் ஒண்டும் செய்யல்ல சேர். அது கரகரண்டு கேக்கும். பிறகு காது சுடும். பிறகு நிண்டுரும்."

"காது சுடுதாம்" என்று சொல்லிச் சிரித்தோம். மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள். வெயில் காலம், கரண்ட் இல்லாவிட்டால் காற்றாடியும் இல்லை, எல்லாருக்கும்தான் காது சுடுகிறது என்றோம். வாப்பாவைக் கூட்டி வரச் சொன்னோம். அந்த மனுசன் ஓட்டோவை வெளியே நிறுத்திவிட்டு வந்து, ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்காமல், 2,000 ரூபாயை மேசையில் வைத்தார். "மிச்சத்தை மாசக் கடைசியில தாறன் சேர்" என்றார். நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

சத்தம் போட்டது எங்களில் ஒருவர்தான். மற்ற இருவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினோம். அது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. பங்கு மூவருக்கும் உண்டு.

இரண்டு நாள் கழித்து விஞ்ஞான டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். "வயரை இழுத்து உடைக்கிற பிள்ளையெண்டா, மூண்டிலயும் வலது பக்கமே ஏன் போகோணும்? இந்த ஹெட்போன்ல வயர் போறது இடது பக்கத்தாலதானே?"

அன்றைக்கே விஞ்ஞான கூடத்து மல்டிமீட்டரை எடுத்தோம். மூன்று ஹெட்போனிலும் இடது பக்கத்தின் தடை 30 ஓம் அளவில் காட்டியது. வலது பக்கம் எதுவுமே காட்டவில்லை, சுற்று அறுந்திருந்தது. ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். வயர் முறியவில்லை. உள்ளே, மெல்லிய தகட்டை அசைக்கும் செப்புச் சுருள் கறுத்துப்போய் இருந்தது. எரிந்த வாசமும் வந்தது. தலைமுடியை விட மெல்லிய கம்பி அது.

பிறகு பெட்டியைப் போட்டு, ஒரு சத்தமும் ஓடவிடாமல், ஆறாம் துவாரத்தை அளந்தோம். இடது பக்கம் 3 மில்லிவோல்ட். வலது பக்கம் 5.8 வோல்ட். நேரோட்டம். முதலாம் துவாரத்தை ஒப்பிட்டுப் பார்த்தோம், இரண்டு பக்கமும் சில மில்லிவோல்ட்தான். எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை.

விஷயம் இதுதான். ஒலி ஹெட்போனுக்குப் போவது ஆடலோட்டமாக. சுருள் முன்னும் பின்னும் அசையும், அந்த அசைவுதான் சத்தம். நேரோட்டம் போனால் அது சுருளை ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சூடாக்கும். அதற்குத் தனியாகச் சத்தம் இல்லை. அதனால் கேட்டுக் கண்டுபிடிக்கவும் முடியாது. பாடம் ஓடும்போது மட்டும் கரகரப்பாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5.8 வோல்ட், 30 ஓம். ஒரு வாட்டுக்கு மேல் வெப்பம். ஒரு மில்லிவாட் கொடுத்தாலே பல ஹெட்போன்கள் நல்ல சத்தமாகப் பாடும். அதைப் போல ஆயிரம் மடங்கு, பிள்ளையின் காதோடு ஒட்டி.

ரேடியோ திருத்தும் நானா ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனோம். திறந்து பார்த்ததும் சொன்னார். 12 வோல்ட் அடப்டரில் வேலை செய்யும் இந்த மாதிரிப் பெட்டியில், ஐசியின் வெளியீடு எப்போதும் பாதி அழுத்தத்தில், அதாவது 6 வோல்ட் அளவில் நிற்கும். அதை ஹெட்போனுக்குப் போகவிடாமல் தடுத்து ஒலியை மட்டும் அனுப்புவது ஒரேயொரு கொள்ளளவி. மலிவான கொள்ளளவி ஷோர்ட் ஆனால் வாசல் திறந்த மாதிரிதான். நல்ல பெட்டிகளில் நேரோட்டம் வந்தால் தொடர்பைத் துண்டிக்க ரிலே வைத்திருப்பார்கள். விலையைக் குறைக்கும்போது முதலில் கைவைப்பது அதில்தான் என்றார். நாங்கள் பெட்டியில் மிச்சம் பிடித்தோம், அது மூன்று ஹெட்போனைத் தின்றுவிட்டது. காசு போனது ஒரு பக்கம். ஒரு பிள்ளையைக் கள்ளனைப் போல நிற்க வைத்தோம்.

ஓட்டோ நிற்கும் இடத்துக்கே போய் அந்த 2,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். "மன்னிச்சிக்கொள்ளுங்க நானா, பிழை எங்கட பெட்டியில" என்றோம். அவர் காசை எண்ணவில்லை. "அவன் வீட்டையும் அதத்தான் சொன்னான் சேர். நான்தான் நம்பல்ல. நீங்க சொன்னா சரியா இருக்கும் எண்டு நெனச்சன்" என்றார். அந்த வார்த்தை இன்னும் எங்களை விடவில்லை. எங்கள் சொல்லை நம்பி ஒரு வாப்பா தன் பிள்ளையை நம்பாமல் இருந்திருக்கிறார்.

ஏசியது எட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால். அதனால் மன்னிப்பும் எட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால்தான் கேட்டோம். அவன் வெட்கப்பட்டு, "பரவாயில்ல சேர்" என்றான். கொஞ்சம் நின்று, "சேர், மத்த ஓட்டையெல்லாம் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

பார்க்கவில்லை. ஒன்றையும் ஆறையும் மட்டும்தான் பார்த்திருந்தோம். அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் அளந்தோம். நான்காம் துவாரத்தில் 0.4 வோல்ட் நின்றது. அங்கே இருக்கும் பிள்ளை இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்துப் போயிருக்கக்கூடியது அதுதான். இப்போது நானா எல்லாக் கொள்ளளவிகளையும் மாற்றித் தந்திருக்கிறார். மாதம் ஒருமுறை அளக்கும் பொறுப்பு அந்தப் பையனிடம். கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கிறான்.

உங்களிடமும் இப்படியொரு பெட்டி இருந்தால்:

1. பழுதான ஹெட்போன் ஒன்றின் பிளக்கை வயரோடு வெட்டி எடுங்கள். உள்ளே இடது, வலது, பொது என மூன்று கம்பி இருக்கும். நுனியைச் சுரண்டிக்கொள்ளுங்கள்.

2. ஹெட்போன் எதையும் குத்தாமல், வொலியூமைக் குறைத்து, பெட்டியைப் போட்டு அரை மணித்தியாலம் சூடாக விடுங்கள்.

3. மல்டிமீட்டரை நேரோட்ட 20 வோல்ட்டில் வைத்து, பொதுக் கம்பிக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே அளங்கள். பிறகு சிறிய அளவுக்கு மாற்றுங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் பயமில்லை. 50ஐத் தாண்டினால் பாவிக்க வேண்டாம். வோல்ட் கணக்கில் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

4. எல்லாத் துவாரத்தையும் பாருங்கள். நாங்கள் விட்ட பிழையை விட வேண்டாம்.

5. எப்போதும் பெட்டியை முதலில் போட்டு, பிறகு ஹெட்போனைக் குத்துங்கள். நிறுத்தும்போது ஹெட்போனை முதலில் கழற்றுங்கள். போடும்போதும் நிறுத்தும்போதும் வரும் "டொக்" என்ற அடியும் சுருளுக்குக் கூடாது.

மல்டிமீட்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. காது சுடுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த ஹெட்போனை வாங்கி உங்கள் கையை வைத்துப் பாருங்கள். நாங்கள் அன்றைக்கு அதை மட்டும் செய்திருந்தால் போதும்.

பயன்படும் என்றால் உங்கள் ஆசிரியர் குழுக்களில் பகிர்ந்துகொள்ளுங்கள்.