சங்கின் பாஷை

சங்குச் சத்தம் கேட்டால் நம் ஊர்களில் இரண்டில் ஒன்று என்று அர்த்தம். கோயிலில் பூஜை நடக்கிறது. அல்லது தெருக்கோடியில் யாரோ காலமாகிவிட்டார். இரண்டுக்கும் ஒரே சங்குதான். இருந்தாலும் யாரும் குழம்புவதில்லை. கூட ஒலிப்பது கோயில் மணியா, பறைமேளமா, வேளை விடியற்காலையா, நடுப்பகலா என்பதைக் கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொள்வதா, மேல்துண்டை எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கப் புறப்படுவதா என்று தீர்மானித்துவிடுகிறோம்.

பிற்பாடு ஸைரன் என்ற யந்திரம் வந்தது. நம் ஜனங்கள் அதற்கும் சங்கு என்றே பெயர் வைத்தார்கள். நகராட்சிச் சங்கு, ஆலைச் சங்கு, யுத்த காலத்தில் அபாயச் சங்கு. பெயர் வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். இதுவும் ஒரே குரலில் பல சேதி சொல்லும் வஸ்துதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இதில் ஒரு பைத்தியம் உண்டு. வெளியூர் போனால் சிலர் நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். நான் அந்த ஊர்ச் சங்கு எப்படி ஊதும் என்று விசாரிப்பேன். ஒன்று கனத்த சாரீரமாக அடிவயிற்றிலிருந்து கிளம்பும். இன்னொன்று கீச்சுக்குரலில் ஆரம்பித்துக் கடைசிவரை கீச்சுக்குரலாகவே இருக்கும். இதற்கெல்லாம் காரணம் என்ன என்று தேடிப் படித்ததில் சில ருசிகரமான விஷயங்கள் கிடைத்தன.

1819-இல் காஞார் தெ லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த யந்திரத்தைச் செம்மைப்படுத்தி ஸைரன் என்று பெயரிட்டார். கிரேக்கப் புராணத்தில் பாடி மயக்கும் கடல் மோகினிகளின் பெயர் அது. இவருடைய கருவியும் தண்ணீருக்குள் ஒலித்தது. உள்ளே இருப்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. துவாரங்கள் உள்ள ஒரு சக்கரம் சுழன்று, காற்றைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. சக்கரத்தில் பத்துத் துவாரம். விநாடிக்கு 40 சுற்று. அப்படியானால் விநாடிக்கு 400 அதிர்வு. அதுதான் சுருதி. பல ஸைரன்களில் இரண்டு வரிசை உண்டு. ஒன்றில் பத்து, மற்றொன்றில் பன்னிரண்டு. சங்கீதம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு என்பது ஸட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம். நம்மை மாடிப்படி இறங்கி ஓடச் செய்கிற அந்த அழுகையில் நல்ல சுத்தமான ஸ்வர ஸ்தானம் ஒளிந்திருக்கிறது!

ஆனால் ஸைரன் வெறும் தொண்டைதான். எப்போது, எப்படி ஊத வேண்டும் என்று சொல்லும் மூளை வேறு இடத்தில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டி மின்சாரத்தை விடாமல் கொடுத்தால் சக்கரம் ஒரே வேகத்தில் சுழலும். சத்தம் ஏற்ற இறக்கமின்றி நீளும். சில விநாடி கொடுத்து, சில விநாடி நிறுத்தி, மறுபடி கொடுத்தால் வேகம் ஏறி இறங்கும், அதுதான் ஒப்பாரி. கனமான சக்கரம் சாவகாசமாக இறங்கும். லேசான சக்கரம் சட்டென்று அடங்கும். தொண்டை ஒன்றே, பெட்டியின் தாளந்தான் வேறு. மின்னணுச் சங்குகளில் சக்கரமே கிடையாது, ஒலிபெருக்கிதான். பெட்டி கேட்கிற குரலெல்லாம் அதிலிருந்து வரும்; மனிதன் மாதிரி பேசக்கூடச் செய்யும்.

பெட்டிகளுக்குச் சுபாவமும் உண்டு. ஊரைப் பயமுறுத்தாமல் சோதித்துப் பார்க்க, சில பெட்டிகள் ஒரு கணம் மட்டும் மின்சாரம் கொடுத்து நிறுத்திவிடும். தூங்குகிற நாயை யாரோ தொட்டமாதிரி ஸைரன் 'உர்' என்று உறுமிவிட்டு அடங்கும். இன்னும் சில, மனிதக் காதுக்கு எட்டாத சுருதியில் ஊதித் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வானொலி மூலம் வரும் சங்கேத ஒலிக்குக் கீழ்ப்படிகிற பெட்டிகளும் உண்டு. அந்தச் சங்கேதத்தை யார் அனுப்பினாலும் அவை கேட்கும். 2017 ஏப்ரல் 7 அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்பு அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தின் 156 ஸைரன்களையும் யாரோ ஒரு விஷமி அப்படி எழுப்பிவிட்டான். புயல் இல்லை, போர் இல்லை. அதிகாரிகள் நிறுத்த நிறுத்த அவை மறுபடி ஊதின. கடைசியில் அமைப்பையே அணைக்க வேண்டியதாயிற்று.

விஷமிதான் வேண்டும் என்பதில்லை. 1959 செப்டம்பர் 22 இரவு, சிகாகோவின் பேஸ்பால் குழு ஒன்று நாற்பது வருஷத்துக்குப் பிறகு தன் பிரிவில் முதலிடத்துக்கு வந்த சந்தோஷத்தில், நகரத்துத் தீயணைப்புத் தலைவர் அபாயச் சங்குகளை ஐந்து நிமிஷம் ஊதச் சொன்னார். ருஷ்யாவின் அணுகுண்டு எப்போது விழுமோ என்று ஜனங்கள் பயந்துகொண்டிருந்த காலம் அது. பந்தாட்டச் செய்தி தெரியாதவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத விஷயம் ஹவாய்த் தீவுகளில் நடந்தது.

1960 மே 22 அன்று சிலி நாட்டில் பெரும் பூகம்பம். அதில் எழுந்த கடல் அலை, பதினைந்து மணி நேரம் பிரயாணம் செய்து ஹவாயின் ஹிலோ நகரத்தை அடைந்தது. வருகிறது என்று முன்கூட்டியே தெரியும். இரவு எட்டரை மணி வாக்கிலேயே சங்கு ஊதிவிட்டார்கள். அலை வந்தது நள்ளிரவுக்குப் பிறகு. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் அவகாசம். இருந்தும் 61 பேர் மாண்டார்கள். செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்களே, அது இல்லை. பெரும்பாலோர் காதில் சங்கு நன்றாகவே விழுந்தது. முன்பெல்லாம் அங்கே சங்கு படிப்படியாக ஊதும். முதல் சங்கு, ஜாக்கிரதை. அடுத்த சங்கு, புறப்படு. அந்த முறையைச் சில காலத்துக்கு முன்புதான் மாற்றி, ஒரே சங்கு, உடனே புறப்படு என்று வைத்திருந்தார்கள். பெட்டிக்குப் புது பாஷை தெரியும். ஜனங்களில் பலருக்குப் பழைய பாஷைதான் தெரியும். அடுத்த சங்குக்காகக் காத்திருந்தவர்களும் அன்று உண்டு.

அறுபத்து மூன்று வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டு 8 அன்று, அதே தீவுக் கூட்டத்தில் மாவி தீவின் லஹைனா நகரம் தீப்பற்றி எரிந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று சங்கு ஊதவே இல்லை. ஏன் என்று கேட்டபோது, பொறுப்பிலிருந்த அதிகாரி ஒரு காரணம் சொன்னார்: இங்கே சங்கு என்றால் கடல் அலை என்றுதான் ஜனங்களுக்குப் பழக்கம், ஊதியிருந்தால் மலைப்பக்கம், அதாவது தீயை நோக்கியே, ஓடியிருப்பார்கள். அடுத்த நாளே அவர் பதவி விலகினார். காட்டுத்தீக்கும் அந்தச் சங்கை ஊதலாம் என்று அரசாங்கத்தின் ஏட்டில் இருந்தது. ஏட்டில் இருந்து என்ன? ஒரு தடவை ஊதியும் புரியவில்லை. ஒரு தடவை புரியாது என்று ஊதவில்லை. இரண்டு தடவையும் குற்றம் யந்திரத்தின் மேல் இல்லை.

நம் நாட்டில் யுத்தச் சங்குக்கு என்ன பாஷை? ஏறி இறங்கினால் அபாயம். ஒரே சீராக நீண்டால் அபாயம் நீங்கிற்று. 2025 மே 7 அன்று நாடெங்கும் ஒத்திகை நடந்தபோது தொலைக்காட்சியில் அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எங்கள் தெருவில் பூக்காரம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"என்ன சார், மில்லு மறுபடியும் தொறந்துட்டாங்களா?" என்றாள்.

மில் மூடிப் பல வருஷமாகிறது. அவள் புருஷன் அங்கே வேலை பார்த்தவர். ஏற்றமா, இறக்கமா என்பதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. சங்கு என்றால் ஷிப்டு; ஷிப்டு என்றால் சோறு. அபாயம் என்று நான் விளக்கியபோது அவள் முகத்தில் தெரிந்தது பயமில்லை, ஏமாற்றம்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எந்த ஊரிலும் ஜனங்கள் சங்கைப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. கூடவே வாழ்ந்து தெரிந்துகொள்கிறார்கள். ஜனவரி 30 அன்று காலை பதினோரு மணிச் சங்குக்கு நாம் எழுந்து மௌனமாக நிற்கிறோம் என்றால், வருஷா வருஷம் அதே தேதியில் அதே நேரத்தில் அது காந்தியை நினைவூட்டி ஊதுவதனால்தான்.

'ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடிகிறபோது விடியட்டும்' என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. வேறு காரியங்களுக்கு அது பொருந்தலாம். அபாயச் சங்குக்குப் பொருந்தாது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அன்று இந்து மகாசமுத்திரத்துக்கே எச்சரிக்கை ஏற்பாடு கிடையாது. 2007-இல் ஹைதராபாத்தில் அதற்கென ஒரு நிலையம் ஏற்பட்டுவிட்டது. கடலுக்கடியில் பூமி அசைந்தால் சில நிமிஷங்களில் அதற்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து சேதி கடற்கரைக்கு வந்து, பெட்டிக்குள் புகுந்து, சங்காகவும் ஒலித்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். வலை உலர்த்துகிற கிழவருக்கும், பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கும், அந்தச் சத்தத்துக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே! அதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. வருஷத்தில் ஒரு நாள், சொல்லிவைத்த நேரத்தில் ஊதி, குழந்தைகளை வரிசையாக மேட்டுக்கு நடத்திக்கொண்டு போனால் போதும். மறு வருஷமும் மறக்காமல் அதையே செய்ய வேண்டும்; அது ஒன்றுதான் சிரமம்.