மாற்றலாகி வந்தவர்களின் மாலை

மாற்றலாகி வந்த குடும்பத்துக்குப் பகல் பெரிய பாடில்லை. கேஸ் இணைப்பு, பால்காரர், தண்ணீர் வரும் நேரம் என்று ஏதாவது ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் இது நம் ஊர் இல்லை என்பது உறைக்கும்.

ஈரோட்டிலிருந்து மாயவரம் வந்த புதிதில் நாங்கள் அதை நன்றாகவே அனுபவித்தோம். எனக்காவது டீக்கடை பெஞ்சு இருந்தது. அலுவலக நண்பர்கள் சிலர் சனிக்கிழமை வந்தால் காரைக்கால் பக்கம் கிளம்புவார்கள். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை, அங்கே பாண்டிச்சேரி விலை. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போக டெல்டாவில் என்ன இருக்கிறது? கோயில், சினிமா, இரண்டும் அலுத்தால் கடல். அப்படித்தான் எங்களுக்குத் தரங்கம்பாடி பழக்கமானது.

1792-ல் கட்டிய நகர வாசலைத் தாண்டினால் ராஜ வீதி. 1701-ன் சீயோன் தேவாலயம், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயம், கடைசியில் கடலைப் பார்த்து டேன்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு வந்த டேனிஷ்காரர்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை இங்கே இருந்தார்கள். அவர்களும் ஒருவகையில் மாற்றலாகி வந்தவர்கள்தானே! இந்த அகலமான தூண் வைத்த வீடுகளில் அவர்கள் பெண்டாட்டிமார் மாலைப் பொழுதை எப்படிக் கழித்தார்கள் என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள்.

எனக்கு இந்த ஊரில் 1762-ல் பிறந்த ஒரு பெண்ணின் ஞாபகம் வந்தது. கேத்தரின் வொர்லே, பிரெஞ்சுக் குடும்பம். பதினைந்து நிறையுமுன் வங்காளத்தில் ஜார்ஜ் கிராண்ட் என்ற கம்பெனி அதிகாரிக்கு மனைவியானாள். 1778 டிசம்பர் 8 இரவு கிராண்ட், கல்கத்தாவில் நண்பர்களோடு விருந்துக்குப் போயிருந்தார். மனைவி வீட்டில். அந்த நேரம் கவர்னர் ஜெனரலின் சபை உறுப்பினர் பிலிப் ஃபிரான்சிஸ் மூங்கில் ஏணி வைத்து மதில் ஏறி உள்ளே வந்து மாட்டிக்கொண்டார். வழக்கு நடந்தது, கணவருக்கு நஷ்டஈடாக 50,000 சிக்கா ரூபாய் தீர்ப்பானது. ஐரோப்பாவுக்குப் போன கேத்தரின் 1802-ல் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலேரானின் மனைவியானாள். ஊரெல்லாம் அந்த ஏணியைப் பற்றித்தான் பேசியது. எனக்கோ அந்த விருந்து உறுத்துகிறது. பதினாறு வயதுப் பெண், உறவென்று யாரும் பக்கத்தில் இல்லாத நகரம். கணவருக்கு மட்டும் மாலையில் போக ஓர் இடம் இருந்தது.

1706-ல் இங்கே மதப் பிரசாரம் செய்ய வந்த பாதிரியார் சீகன்பால்கு வேறு மாதிரி. வெள்ளைக்காரர் வட்டத்தோடு நிற்காமல், சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து பழகினார். ஊர்க்காரர்களோடு சாமி, சாதி, சடங்கு என்று ஓயாமல் பேசினார். சொந்த வட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. டேனிஷ் கவர்னரே அவரை இந்தக் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைத்தார். பேச ஆள் தேடி வெளியே போனவர்தான் இந்த ஊரை அறிந்தார் என்று நான் முடித்தேன். “அவர் பெண்டாட்டி?” என்றாள் என் மனைவி. மரியா டோரோதியா 1716-ல் புது மணப்பெண்ணாக இங்கே வந்து இறங்கினாள். 1719 பிப்ரவரியில் விதவை. இவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் சொல்ல இருந்ததெல்லாம் கணவரின் கதைதான்.

கோட்டைக்கு முன்னால் அன்று கூட்டம் இருந்தது. சுண்டல் விற்ற அம்மா இவளைப் பார்த்து, “எந்த ஊரும்மா? மஞ்சள் விளையுற பக்கமா?” என்று ஆரம்பித்தார். பிள்ளைகள் எத்தனை, மாமியார் கூட இருக்காங்களா, மீன் சாப்பிடுவீங்களா என்று விசாரணை நீண்டது. குளத்து மீன் மட்டுமே தெரிந்த இவளுக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எப்படி, முள் நிறைந்த கோலாவை அவித்து உதிர்த்துப் புட்டு செய்வது எப்படி என்று பாடம் நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொரு திருத்தம் சொன்னார்கள். பூண்டு எவ்வளவு என்பதில் ஒரு சின்னச் சண்டையே வந்தது. நான் சற்றுத் தள்ளி, பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நிலையை இவள் எத்தனை மாதம் வீட்டுக்குள் அனுபவித்திருப்பாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இப்போது கடற்கரைக்குப் போகலாமா என்று முதலில் கேட்பது இவள்தான். மாற்றலாகி வந்த தம்பதியிடம் ஊர் பிடித்திருக்கிறதா என்று எல்லோரும் கணவனைத்தான் விசாரிக்கிறார்கள். அவன் வேலையை நினைத்துக்கொண்டு பதில் சொல்வான். மாலையில் யாரோடு பேசுகிறீர்கள் என்று மனைவியிடம் கேட்டால், அந்தக் குடும்பம் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.