குசினி மேசையில் ஒரு பாலர் வகுப்பு

ஸ்காபரோ, ஜூலை 2022

போன ஞாயிற்றுக்கிழமை இலங்கையின் பருத்தித்துறையிலிருந்து தங்கச்சி தொலைபேசியில் கதைத்தாள். எரிபொருள் இல்லையென்று பள்ளிக்கூடம் பூட்டு. பேத்தி முதலாம் ஆண்டு. ஆசிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பயிற்சித் தாளைத் திறக்க டேட்டா போதவில்லை, இரவானால் மின்வெட்டு. "பிள்ளை படிச்ச எழுத்தெல்லாம் மறந்து போகுது அண்ணை, நான் என்ன செய்ய?" என்று கேட்டபோது குரல் தழுதழுத்தது. அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அதே கவலையோடு இருக்கிற வீடுகள் ஊரில் நிறைய இருக்கும்.

கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலும் கொரோனாக் காலத்தில் நான்கு தடவை பள்ளிகளைப் பூட்டினார்கள். 2020 மார்ச் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளைகள் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை திரும்பிப் போகவே இல்லை. பிறகு 2021 ஜனவரி, அதே ஆண்டு ஏப்ரல், கடைசியாக 2022 ஜனவரி. முதல் பூட்டின்போது என் பேத்திக்கு நான்கு வயது. மகளுக்கு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை, மருமகனுக்குப் பண்டகசாலையில். இரண்டும் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைகள் அல்ல. பிள்ளை என்னோடும் மனைவியோடும்தான்.

அந்த முதல் மூன்று மாதமும் சின்ன வகுப்புகளுக்கு மாகாணம் கேட்டது வாரத்துக்கு 5 மணி நேர வேலை. அடுத்த கல்வியாண்டில் விதி மாறியது. வீட்டிலிருந்து படிக்கும் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் நாளுக்கு 180 நிமிடம் ஆசிரியரோடு நேரலையில் வகுப்பு. ஆனால் இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை திரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கட்டும் என்று கனடாக் குழந்தை மருத்துவர் சங்கம் அப்போது சொல்லியிருந்தது. ஆசிரியையை நான் குறை சொல்லமாட்டேன். இருபதுக்கு மேற்பட்ட சின்ன முகங்களை ஒரே திரையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்த அவருடைய பொறுமையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஆனால் அந்த வயதுக்கு அது ஒத்துவராது. அரை மணி நேரத்தில் பேத்தி மேசைக்குக் கீழே போய்விடுவாள். ஒரு நாள் தன் முறை வந்தபோது, சொல்ல நினைத்தது மறந்துபோய் விம்மி விம்மி அழுதாள்.

அன்றைக்குத்தான் மனைவி ஒரு சின்னப் போத்தலைக் கொண்டுவந்து குசினி மேசையில் கவிழ்த்தாள். புளிப் பொதியில் அகப்பட்ட கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து, கொக்கான் வெட்டி விளையாடலாமென்று சேர்த்து வைத்திருந்தாள். மூன்று கொட்டையை வைத்து, ஒரு கணம் காட்டி, கையால் மூடினாள். "எண்ணாமல் சொல்லு பாப்பம்." பிறகு நான்கு. பிறகு ஐந்து, அதையே இரண்டும் மூன்றுமாகப் பிரித்து வைத்தாள். பேத்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினாள். தானே ஒன்றும் நான்குமாகப் பிரித்தாள். "அம்மம்மா, இதுவும் அஞ்சு!"

கூட்டல் என்ற சொல்லை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எண்ணாமலே தொகையைக் கண்ணால் பிடிப்பதும், ஒரு எண்ணை உடைத்துத் திரும்பச் சேர்ப்பதும் பின்னால் வருகிற கணக்குக்கெல்லாம் அத்திவாரம். அதற்கு விரலில் பிடிபடுகிற பொருள் வேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

மனைவி படிப்பித்துப் பழகியவள் அல்ல. ஆனால் போரால் 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது எங்கள் மகளுக்கு ஆறு வயது. சாவகச்சேரியில் ஒரு உறவுக்காரர் வீட்டு விறாந்தையில் மூன்று குடும்பம். புத்தகம் இல்லை, கொப்பி இல்லை. முற்றத்து மணலில் மனைவி விரலால் எழுதிக் காட்டித்தான் மகள் உயிர்மெய் பழகினாள். இருபத்தைந்து வருடம் கழித்து அதே கை ஸ்காபரோ அடுக்குமாடியில் தட்டில் அரிசியைப் பரப்பியது. விஜயதசமிக்கு ஏடு தொடக்குவோமே, அதேபோல. காலையில் தமிழ் எழுத்து, பின்னேரம் ஆங்கில எழுத்து. பிழைத்தால் தட்டை ஒருதரம் அசைத்தால் போதும். பென்சிலைத் தொடவே பயந்த பிள்ளை அரிசியில் பயமில்லாமல் எழுதினாள்.

மகளுக்கு இன்னொரு பயம் இருந்தது. நாள் முழுக்கத் தமிழ் கதைத்தால் ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ என்று ஆசிரியையிடமே கேட்டாள். உங்களுக்கு எந்த மொழி நன்றாக வருமோ அதிலேயே நிறையக் கதையுங்கள் என்றார் அவர். சரியான பதில். நேற்று நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை ஒரு மொழியில் சொல்லப் பழகிய பிள்ளை, அந்தத் திறமையை மற்ற மொழிக்கும் கொண்டுபோகும். சரளமில்லாத மொழியில் கதைக்கிற பெரியவர்களிடமிருந்து பிள்ளைக்குக் கிடைப்பது வா, இரு, சாப்பிடு என்ற மூன்று சொல்தான்.

ரொறன்ரோ பொது நூலகத்தில் தொலைபேசியில் கதை சொல்லும் சேவை ஒன்று உண்டு, தமிழிலும் கேட்கலாம். பேத்தி ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். கேட்டு முடித்து எங்களுக்குச் சொல்வாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி.

எல்லாம் ஈடாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். 2021 செப்டம்பரில் பள்ளிக்குத் திரும்பியபோது பேத்தி வாசலில் தாயின் கையை விடவில்லை. மற்றப் பிள்ளைகளோடு சண்டை பிடித்து, சமாதானமாகி, விட்டுக்கொடுக்கப் பழகுவதை எங்கள் குசினி மேசை கொடுக்கவில்லை. பள்ளி திறந்த பிறகுதான் அது வந்தது.

தங்கச்சிக்குச் சொன்னேன்: பயிற்சித் தாள் வராவிட்டால் பரவாயில்லை. உன் முற்றத்தில் மணல் இருக்கிறது, குசினியில் பயறும் புளியங்கொட்டையும் இருக்கிறது. காலையில் ஒரு அரை மணி நேரம் பேத்தியோடு இரு. இரவு மின்சாரம் போனதும் விளக்கை ஏற்றிவைத்து, இன்றைக்கு என்னென்ன பார்த்தாய் என்று கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை நடுவில் பேசாதே. உங்கள் வீட்டிலும் ஒரு சின்னப் பிள்ளை இருந்தால், இன்றிரவே கேளுங்கள்.